முனிவும் முனிவரும்



குடகனாறு நீர் வார்க்கும் இந்த அகரத்திலே திருவிழாச் சொற்பொழிவுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் இவ்வூர்ப் பெயரே எமக்கு முதற்பாடமாக அமைந்துவிடுகிறது. அகரம் என்பது நம் நெடுங்கணக்கின் முதலெழுத்து. அதே சொல் மறையோர் குடியிருப்புக்கும் பெயராகித் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு வழங்குகிறது. எழுத்தை எண்ணி ஒருவர் 'அகரம்' என்பார். பேருந்தை எண்ணி மற்றொருவர் 'அகரம்' என்பார். ஒலி ஒன்று, பொருள் இரண்டு. நிகண்டு செய்த பெரியோர்கள் ஒரு சொல் பல பொருளுக்கு உரிமையாதலைத் தனித் தொகுதியாகவே வகுத்து வைத்தமைக்குக் காரணம் இதுதான்.

நேற்று மாலை சொற்பொழிவு முடிந்து திருநீறு பெற்றுக்கொண்டு போகும் வேளையில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் எம்மிடம் வந்தான். "ஐயா, நீங்கள் முனிவர், முனிவர் என்று சொன்னீர்களே, எங்கள் தோட்டத்துப் பக்கம் இருக்கிற முனியும் அவரும் ஒருத்தரா?" என்று கேட்டான். உச்சி வேளையில் அந்தப் பனைமரத்தடிக்குப் போகாதே, முனி இருக்கிறது என்று அவன் பாட்டி சொல்லி வைத்திருக்கிறாள். பள்ளிப் புத்தகத்திலோ தாடியும் கமண்டலமுமாக முனிவர் படம் இருக்கிறது. ஒன்றைக் கண்டு ஓட வேண்டும், மற்றொன்றைக் கண்டு வணங்க வேண்டும் என்றால் பிள்ளை என்ன செய்வான்? அருகிலிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு நெடுநேரம் அந்த வினா எம்மை உறங்கவிடவில்லை. ஆகவே இன்று பேசுவதாக அறிவித்திருந்த பொருளை நாளைக்கு ஒதுக்கிவிட்டு, அப்பிள்ளைக்கு விடை கூற முயல்கின்றோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'முனி' என்பது ஒரு வினையடி. முனிதல் என்றால் சினத்தல், வெறுத்தல். முனிவு என்றால் கோபம், வெறுப்பு. வடமொழியில் 'முனி' என்பதற்கு இடைவிடாது உள்ளத்தால் எண்ணுபவன் என்றும், மௌனம் காப்பவன் என்றும் பொருள் கூறுவர். மௌனம் என்ற சொல்லே முனியிலிருந்து பிறந்ததாகும். இவ்விரு சொற்களும் இருவேறு ஊற்றுகளிலிருந்து வந்து தமிழில் ஓரொலியாய்க் கலந்துவிட்டன. அகத்தி மரத்துக்கும் முனி என்று ஒரு பெயர் உண்டு; அது அகத்திய முனிவரால் வந்த பெயர். இன்னும் ஒரு பொருள் கேட்டால் குழந்தைகள் மகிழ்வார்கள். பழந்தமிழில் 'கயமுனி' என்றால் யானைக்கன்று! தவம் செய்பவர், சினம், கீரை தரும் மரம், யானைக்கன்று ஆகிய எல்லாம் ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கியிருக்கின்றன. தமிழன்னையின் திண்ணை அவ்வளவு அகலமானது.

இனி, வியப்பு எங்கே தொடங்குகிறது என்றால், சினம் என்ற பொருளுடைய சொல்லை நம் முன்னோர் சினமற்றவருக்குப் பெயராக்கியதில் தொடங்குகிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் பழனியே சான்று. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் மூன்றாம் படைவீடாகிய திருவாவினன்குடியைப் பாடும்போது முருகப்பெருமானைக் காண வரும் முனிவர்களைக் காட்டுகிறார். மரவுரி உடுத்தவர்கள், நரைத்த முடியினர், நீராடி நீராடித் தூய்மை பெற்ற மேனியர், மான் தோல் போர்த்த மார்பிலே நோன்பினால் வற்றிய எலும்புகள் தெரிய நிற்பவர்கள். உடம்பை இவ்வாறு கூறியவர் உடனே உள்ளத்துக்குப் போகிறார். பகையை நீக்கியவர்கள், ஆசையையும் கடுங்கோபத்தையும் துரத்தியவர்கள், கற்றோர்க்கெல்லாம் எல்லையாய் நின்றும் துன்பம் என்பதையே அறியாதவர்கள் என்கிறார்.

இவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முருகப்பெருமானின் சினத்துக்கு ஆளாகி நிலை தாழ்ந்தவன் நான்முகன். அவனை மீட்டுத் தர வேண்டும் என்று கேட்கத் தேவர்கள் திரண்டு வருகிறார்கள். அத்திரளுக்கு முன்னே நடந்து வருபவர்கள் இம்முனிவர்கள். தமக்கு ஒன்று வேண்டி வரவில்லை. குற்றம் செய்து தண்டனை பெற்ற ஒருவனுக்காகப் பரிந்து கேட்க வருகிறார்கள். பிறருடைய சினத்தையும் ஆற்ற வல்லவர்கள் என்பதனால்தான் தேவர்கள் அவர்களை முன்னே விட்டார்கள் போலும். படிதோறும் நின்று பழனிமலை ஏறுகின்ற நாம், இந்த மலையடிவாரத்துக்கு முனிவர்கள் எந்த வேண்டுதலோடு வந்தார்கள் என்பதையும் ஒரு படியில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் முனிவர் என்ற பெயரில் உள்ள முனிவு எங்கே போயிற்று? உலகப் பற்றை வெறுத்தவர் என்று பெயர்க்காரணம் கூறுவர். எமக்கு அதில் உடன்பாடே. எனினும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றோம். அவர்கள் வெறுத்தது உலகத்தை அன்று, உலகத்து மக்களையும் அன்று. தம்முள்ளே எழும் பற்றையும் செருக்கையும்தான். முனிவு போகவில்லை, திரும்பியிருக்கிறது. வெளியே பாய்ந்த வாய்க்காலை உள்ளே திருப்பிவிட்டதுபோல.

அந்த வாய்க்கால் மறுபடி வெளியே உடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே கதை உண்டு. தாடிக்கொம்புத் தலபுராணம் அறிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். துருவாச முனிவரின் சாபத்தால் தவளை வடிவான மண்டூக முனிவர், குடகனாற்றங்கரையில் தவமிருந்து அருள் பெற்றார் என்பது அவ்வரலாறு. சாபமிட்டவரும் முனிவர், சாபம் ஏற்றவரும் முனிவர். ஆனால் நம் மக்கள் ஆற்றங்கரையில் நினைத்து உருகுவது தவளையானவரைத்தான். சாபத்தை ஏற்றுக்கொண்டு, சினத்துக்குச் சினம் திருப்பாமல், சேற்றிலிருந்தபடியே தவத்தைத் தொடர்ந்தவரைத்தான்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் செய்ததையும் இங்கே நினைவு கூரலாம். சமணத் துறவியாகிய அவ்வம்மையார் கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு நடந்து வருகிறார். அவர்களுக்கு வழி சொல்லும் மறையவன் நம் சிறுமலையைக் குறிப்பிடுவதும் அந்நூலில்தான். வழியில் இருவர் கண்ணகியைப் பற்றி இழிவாகப் பேசிவிட, அடிகள் அவர்களை நரியாகச் சபித்துவிட்டார். பழிக்கப்பட்டவள் கண்ணகி, அவளும் கோவலனும்தான் அவ்விருவருக்காக இரங்கி வேண்டினார்கள். அதன் பின்னரே சாபம் பன்னிரண்டு திங்களுக்குக் குறைந்தது. அந்த ஒரு நொடியில் இல்லறத்தாள் துறவியை விட உயர்ந்து நிற்கிறாள். அதைக் காட்டவேண்டும் என்று இளங்கோவடிகள் நினைத்திருப்பார் என்றே எமக்குத் தோன்றுகிறது. அவரும் அடிகள்தாமே!

பெயர்கள் பலவற்றையும் விரைந்து பார்த்துவிடுவோம். இருடி என்றால் மந்திரங்களைக் கண்டவர். வானத்தில் ஏழு இருடிகளுக்கு இடம் தந்து, அவருள் வசிட்டரின் அருகே மங்கலாக ஒளிரும் அருந்ததியை மணமக்களுக்குக் காட்டுகிறோம். தென்வானில் பேரொளியோடு தோன்றும் விண்மீனுக்கு அகத்தியர் என்றே பெயர். தாபதர் என்றால் தவம் செய்பவர். அடிகள் என்பது மரியாதைப் பெயர். ஐயர் என்பது பழங்காலத்தில் சாதிப் பெயரன்று; திருமணச் சடங்குகளை வகுத்த பெரியோரை அச்சொல்லால் குறிக்கிறது தொல்காப்பியம். சான்றோர் என்ற சொல் சங்க நூல்களில் போர்க்களத்து வீரரையும் குறித்தது. பின்பு குணத்தால் நிறைந்தவருக்கு உரியதாயிற்று. சித்தர் என்றால் சித்தி பெற்றவர். பழனியில் போகர் சந்நிதியை வணங்குகிறோம்.

முனிவர் என்ற பட்டமோ சமய எல்லைகளையும் கடந்து நடந்திருக்கிறது. நன்னூல் தந்த பவணந்தியார் சமண முனிவர். இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, கிறித்தவத் துறவியாய் இங்கு வந்து, 1732-இல் சதுரகராதி தொகுத்தவரை வீரமாமுனிவர் என்கிறோம். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்டு 1785-இல் இறைவனடி சேர்ந்த திருவாவடுதுறை ஆதீனத்துப் பெருந்தகை சிவஞான முனிவர். அவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்று ஒரு மறுப்பு நூலுக்குப் பெயர் வைத்தார்! துறவிக்குச் சூறாவளி எதற்கு என்று கேட்கலாம். பிழை என்று தாம் கண்டதைப் பிழை என்று சொல்ல அவர் அஞ்சவில்லை. அதுவும் ஒரு முனிவுதான்.

இங்கேதான் யாம் மிகவும் மதிக்கும் பெயருக்கு வருகின்றோம். அறிவர் என்பது அப்பெயர். முக்காலமும் உணர்ந்தவர் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆனால் தொல்காப்பியம் கற்பியலில் அவருக்கு ஒரு வேலையும் தருகிறது. தலைவனும் தலைவியும் வாழும் இல்லத்துக்குள் சென்று நல்லதையும் தீயதையும் எடுத்துச் சொல்வதும், தவறினால் இடித்துரைத்து நிறுத்துவதும் அவருக்கு உரியன. சற்று எண்ணிப் பாருங்கள். மலைக்குகையில் கண்மூடி இருப்பவர் மட்டும் அல்லர் அறிவர். வீட்டுக்குள் வந்து, "இது தகாது" என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர். அப்படிச் சொன்னால் கேட்க வேண்டும் என்று வீட்டாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நம் சேக்கிழார் பெருமானிடம் செல்வோம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி புனைந்து, புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். வாயில் காவலர் எவரும் தடுக்கவில்லை. உள்ளே காவல் நின்ற தத்தன் மட்டும், அரசர் துயில்கிறார், இது சமயமன்று என்றான். அதையும் கடந்து சென்றான் அவன். அரசர் எழுந்து வணங்கி, அரசமாதேவியையும் விலகியிருக்கச் செய்து, அவனை மேலிருத்தித் தாம் தரையில் அமர்ந்தார். ஆகமம் ஓதுவதாகச் சொன்ன கை கத்தியை எடுத்தது. வாளோங்கி வந்த தத்தனைக் குருதி சோரும் நிலையிலும் நாயனார் தடுத்தார். அவன் நம்மைச் சேர்ந்தவன் என்று உணர்த்தி, ஊர் எல்லைவரை காத்துக் கொண்டுபோய் விடச் செய்தார். தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிர் தாங்கியிருந்து, பிறகே இறைவன் திருவடி அடைந்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் கண்ணீர் வருகிறது. கூடவே, பல ஆண்டுகளாக ஓர் அச்சமும் வருகிறது. அதன் காரணத்தை இதுவரை எந்த மேடையிலும் யாம் சொன்னதில்லை.

எமக்கு நெருங்கிய அன்பர் ஒருவர்; சர்க்கரை நோய் உடையவர். அவர் கால் விரலில் சிறு புண் வந்தது. அந்த நாளில் அவர் இல்லத்துக்குக் காவியும் சடையுமாக ஒருவர் வந்து, தாம் சித்தர் வழியில் வந்தவர் என்றார். மருத்துவமனைப் பக்கம் போகக் கூடாது, நாற்பத்தெட்டு நாள் தாம் தரும் பொடியும் விபூதியும் போதும் என்றார். அவர் அவ்வாறு சொன்ன மாலையில் யாமும் அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அன்பர் எம் முகத்தைப் பார்த்தார். அவருடைய மனைவியும் பார்த்தார். மேடையில் மெய்ப்பொருளார் வரலாற்றை உருகி உருகிச் சொல்லுகிற வாய் அன்று திறக்கவில்லை. வேடத்தைப் பழிப்பது சிவாபராதம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டோம். நாற்பத்தெட்டு நாள் முடியும் முன்னரே புண் அழுகிப் பரவிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துத்தான் உயிரைக் காக்க முடிந்தது. பொடி தந்தவர் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டார். பார்க்கப் போன எம்மிடம் அந்த அம்மையார், "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவர் கேட்டிருப்பாரே, ஐயா" என்றார். குறையாகக் கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அன்று யாம் காத்தது மௌனம் என்று பலநாள் எண்ணியிருந்தோம். அது மௌனம் அன்று, அச்சம். மெய்ப்பொருளார் வேடத்துக்குப் பணிந்தது தம் உயிரை வைத்து. யாம் பணிந்தது பிறர் காலை வைத்து. அடியார் தம் மார்பைக் காட்டிய வரலாற்றை, அடுத்த வீட்டான் மார்பைக் காட்டிக் கொடுப்பதற்கு யாரும் சான்றாகக் கொள்ளலாகாது. அந்த வரலாற்றில் தத்தன் ஒருவன் இருக்கிறான் என்பதையும் சேக்கிழார் மறக்கவில்லை. அவன் ஐயுற்றான், சமயமன்று என்று தடுத்தும் பார்த்தான். அவனை அவர் எங்கும் குறை கூறவில்லை.

தவக்கோலத்தை எல்லாம் ஒரே நிறையாக நிறுத்தக் கூடாது என்பதை இறைவனே காட்டியிருக்கிறான். கந்தபுராணத்தில் தாருகவனத்து முனிவர்களைக் காண்கிறோம். வேள்வி உண்டு, விரதம் உண்டு, மரவுரி உண்டு. வேள்வியே எல்லாம் தரும், இறைவன் எதற்கு என்ற செருக்கும் உண்டு. பெருமான் பிச்சாடனராய் அவர்கள் தெருவில் நடந்தான். அவர்களோ தம் தவ வலிமையால் புலியையும் யானையையும் மழுவையும் ஏவினார்கள். புலித்தோல் அவனுக்கு உடையாயிற்று, யானைத்தோல் போர்வையாயிற்று. அத்தனை தவத்தையும் கொண்டு அவர்கள் செய்யத் தெரிந்தது வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரனைக் கொல்ல முயன்றதுதான். அவர்களையும் நூல்கள் முனிவர் என்றே சொல்கின்றன. பெயர் அங்கேயும் இருக்கிறது, பொருள் இல்லை.

இனி, தம்பி, உன் பனைமரத்தடி முனிக்கு வருகின்றோம். நம் மதுரை, திண்டுக்கல் சீமையில் முனியாண்டி, முனியசாமி, முனியப்பன், முனீசுவரர் என்று ஊர் எல்லையில் நிற்கும் தெய்வம் அது. அருவாளும் பெரிய விழியுமாய் நிற்கும். ஊருக்குள் பிள்ளைகளுக்கு முனியாண்டி என்றும் முனியம்மாள் என்றும் பெயர் வைத்துக் கொஞ்சுவதும் அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான்; உணவுக்கடைப் பலகைகளில் கூட அப்பெயர் ஏறி அயலூர்களுக்குப் போயிருக்கிறது. அஞ்சத்தக்க பெயரைக் குழந்தைக்கு யாரும் வைப்பார்களா? அந்த முனியின் சினம் ஊரார் மேல் அன்று. நள்ளிரவில் களத்து நெல்லுக்கு வருபவன் மேலும், தனியே வரும் பெண்ணைத் தொடர்பவன் மேலும்தான் என்று நம் பாட்டன்மார் நம்பினர். உச்சிவேளையில் பிள்ளை வெயிலில் அலையக் கூடாது என்று உன் பாட்டி முனியைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள், அதில் தவறில்லை.

ஆகவே இருவரும் ஒருவரா என்று கேட்டாயே, சொல்லாராய்ச்சியாளரைக் கேட்டால் அவர் வேர்களைக் கிளறிக்கொண்டிருப்பார். எம்மைக் கேட்டால், உறவினர் என்போம். ஒருவர் முனிவை உள்ளே திருப்பித் தம்மைக் காவல் காக்கிறார். மற்றவர் வெளியே நிறுத்தி ஊரைக் காக்கிறார். அன்றைக்கு அந்தத் திண்ணையில் இருவரில் எவர் இருந்திருந்தாலும் என் அன்பருக்கு இன்று இரண்டு கால் இருந்திருக்கும்.

உனக்கு ஒரு வேலை தருகின்றோம். அடுத்த முறை திண்டுக்கல் அபிராமி அம்மன் கோயிலுக்கோ, வேறெந்தச் சிவாலயத்துக்கோ உன் பாட்டியோடு போகும்போது, தெற்கு நோக்கி ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியிடம் நின்று பார். திருவடியருகே சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் முனிவர்கள் அமர்ந்திருக்கும் கோலத்தைக் காண்பாய். அவர்கள் கண்ணை மூடியிருக்கிறார்களா, திறந்திருக்கிறார்களா? அவர்களுள் முதியவர் யார், அவர்களுக்குச் சொல்லித் தருபவர் வயது என்ன? நன்றாகப் பார்த்துவிட்டு வந்து எமக்குச் சொல். அவர்களும் உன்னைப் போலவே ஐயம் கேட்க வந்து உட்கார்ந்தவர்கள்தாம்.

தீபாராதனைக்கு மணி ஒலிக்கிறது. இன்று பேசுவதாக இருந்த திருமூல தேவர் வரலாற்றை நாளை மாலை எடுத்துக்கொள்வோம். மேய்ப்பனை இழந்து சாத்தனூரில் கதறி நின்ற பசுக்களிடமிருந்து அதனைத் தொடங்குவோம். அன்பர்கள் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள்.